தோளை இறக்கச் சொன்னால் இறங்காது

கேள்வி: அக்கா, நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். வயது 23. இரண்டு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களுக்கும் சாறிக் கடைகளுக்கும் மொடலாகப் போய் வருகிறேன். யார் படம் எடுத்தாலும் "தோளை இறக்குங்க, விறைச்சுப் போய் நிக்கிறீங்க" என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நாரியும் பிடரியும் ஒரே வலி. சில நாட்களில் வலது கை விரல்களும் விறைக்கின்றன. தோழி யோகா செய்யச் சொல்கிறாள். அம்மாவோ, எலும்பு முற்றின பிறகு உடம்பு வளையாது என்கிறார். யோகா செய்தால் படத்தில் வித்தியாசம் தெரியுமா? உயரம் கூடுமா? மெலியலாமா? எதில் தொடங்குவது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, உயரத்தையும் மெலிவதையும் முதலில் முடித்துவிடுவோம். 23 வயதில் எலும்பு நீளாது, எந்த ஆசனமும் அதை நீட்டாது. கூன் நிமிர்ந்து, கழுத்து தோளுக்குள் புதையாமல் நின்றால் படத்தில் உயரமாகத் தெரிவீர்கள். மிச்சத்தைப் படம் எடுப்பவர் கமராவைக் கொஞ்சம் பதித்துப் பிடித்துச் சரிக்கட்டிவிடுவார். மெலிவதற்கு யோகாவை நம்ப வேண்டாம். மெதுவாகச் செய்யும் ஆசனத்தில் பெரிதாக ஒன்றும் எரியாது. அதற்காகப் பட்டினி கிடந்து படப்பிடிப்புக்குப் போகிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அந்த வழிக்கே போகாதீர்கள்.

படத்தில் வித்தியாசம் தெரியுமா என்றால், நிச்சயமாகத் தெரியும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் தெரியாது. உங்கள் வேலையை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, தலையை மறுபக்கம் திருப்பி, நாடியைச் சற்று முன்னே நீட்டி, விரலை மாலையில் வைத்தபடி "அப்படியே நில்லுங்க" என்ற சொல்லுக்கு அசையாமல் நிற்பது. நடக்கிறவனுக்குத் தசை இறுகும், தளரும், இரத்தம் ஓடும். அசையாமல் பிடித்து நிற்கிறவருக்கு இறுகின தசை இறுகினபடியே இருக்கும், அதற்குள் இரத்த ஓட்டம் குறையும். அதனால்தான் நாள் முழுக்க வேலை செய்தவரைவிட நாலு மணித்தியாலம் நின்று படம் எடுத்தவருக்கு நாரி வலிக்கிறது. காலைத் தலைக்கு மேல் தூக்குவது உங்களுக்கு எதற்கு? விறைக்காமல் நிற்கத் தெரிந்தால் போதும். யோகாவில் உங்களுக்கு உதவப் போவது அந்தப் பகுதிதான்.

இனித் தோளுக்கு வருவோம். அது ஏன் ஏறுகிறது? கமராவைத் தூக்கினதும் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான். அதற்கு மேல் மணப்பெண் கோலம் வேறு: இறுக்கிக் கட்டின பாவாடை நாடா, கொசுவம், அதன் மேல் ஒட்டியாணம். வயிறு விரிய இடமில்லை. வயிறு விரியாவிட்டால் மூச்சு மேல் நெஞ்சுக்கு ஏறும். அங்கே கழுத்துத் தசைகள் விலா எலும்பைத் தூக்கித்தான் மூச்சு எடுக்க வேண்டும், கூடவே தோளும் எழும்பும். கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து நரம்பு தெறிக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது மெலிவால் மட்டும் வருவதல்ல, மூச்சைப் பிடித்ததாலும் வரும். இப்படி இருக்கும்போது "தோளை இறக்கு" என்று பத்துத் தரம் சொன்னாலும் அது இறங்காது. இறக்கினால் அடுத்த மூச்சில் திரும்ப ஏறும்.

இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கதிரையில் நிமிர்ந்து இருந்து, இரண்டு உள்ளங்கையையும் மார்புக்குக் கீழே விலாவின் இரு பக்கத்திலும் வையுங்கள். மூச்சை மூக்கால் எடுக்கும்போது கைகள் பக்கவாட்டில் தள்ளப்பட வேண்டும். வயிறும் மேல் நெஞ்சும் பெரிதாக அசையத் தேவையில்லை. விடும்போது எடுத்ததைவிட நீளமாக, அவசரமில்லாமல் விடுங்கள். ஒரு துவாயை விலாவைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். இது கைவந்த பிறகு ஒட்டியாணம் கட்டினாலும் மூச்சுக்கு இடம் கிடைக்கும். படம் எடுக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: படம் எடுப்பவர் எண்ணத் தொடங்கும்போது மூச்சை விடத் தொடங்குங்கள். விடும் மூச்சில் தோள் இறங்கும், தாடை தளரும், கண்ணும் இளகும். இந்தப் பதிலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பாதம். தாடாசனம் என்றால் சும்மா நிற்பதுதானே என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உங்களுக்கு அதுதான் முதல் பாடம். பெருவிரலின் அடி, சின்ன விரலின் அடி, குதி ஆகிய மூன்று இடத்திலும் பாரம் இறங்க வேண்டும். முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டக் கூடாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பட்டுச்சாறியோடு வெயிலில் முழங்காலைப் பூட்டி நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும், தலை சுற்றும், சிலர் விழுந்தும் விடுவார்கள். முழங்காலை ஒரு நூலளவு தளர்த்தி, சாறிக்குள்ளே யாருக்கும் தெரியாமல் குதியைத் தூக்கித் தூக்கி வையுங்கள். கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே அனுப்பிவிடும். தண்ணீர்ப் போத்தலைக் கையோடு வைத்திருங்கள். உதட்டுச் சாயம் கலையும் என்றால் உறிஞ்சு குழாயால் குடிக்கலாம்.

நம் ஊரில் வடமோடிக் கூத்து ஆடுகிறவர்களைப் பாருங்கள். கூடைபோல விரிந்து நிற்கிற கரப்புடுப்பும் கிரீடமும் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். சட்டம் கொடுத்த (ஆடுகிறவருக்குரிய பாட்டை எழுதிக் கொடுத்த) நாளிலேயே யாரும் அந்த உடுப்பைப் போடுவதில்லை. மாதக்கணக்கில் களரியில் (கூத்தாடும் இடத்தில்) காலைப் பழக்கின பிறகுதான் அது உடம்பில் ஏறுகிறது. மொடல் பிள்ளைகளோ பழக்கம் ஒன்றும் இல்லாமல் நேரே நகையையும் கொண்டையையும் சுமந்துகொண்டு மணலில் போய் நிற்கிறீர்கள்.

தாடாசனம் பிடிபட்டதும் விருட்சாசனம், அதாவது ஒரு பாதத்தை மறுதொடையில் ஊன்றி ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் சுவர்ப் பக்கம், பிறகு வெறும் தரையில், பிறகு கல்லடிக் கடற்கரை மணலில். மணலில் நிற்கும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் எல்லாம் வேலை செய்யும். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிற உங்கள் வழக்கமான நிலைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் செய்யுங்கள். எல்லோருக்கும் படத்துக்கென்று ஒரு "நல்ல பக்கம்" இருக்கும். வருடக் கணக்கில் அந்தப் பக்கமே நின்றால் நாரியும் ஒரு பக்கமே இழுத்துப் பிடிக்கும்.

கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறீர்களா? குறைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் இடத்தில் கண்ணாடி இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிலைக்கு வாருங்கள், நாடி எங்கே, முழங்கை எங்கே, எந்தக் காலில் பாரம் என்று உள்ளே பாருங்கள். பிறகு போனில் நேரம் வைத்து ஒரு படம் எடுத்து, நினைத்ததும் இருப்பதும் ஒன்றா என்று சரிபாருங்கள். முதல் வாரம் சிரிப்பு வரும். ஆனால் படம் எடுப்பவர் "கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறபோது எந்த இடத்தை அசைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிய வேறு வழியில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. சூரியன் கடலில் எழும்புகிற கரை நம்முடையது. கல்லடியோ பாசிக்குடாவோ அறுகம்பையோ, கடலோடு நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் விடியலில் நிற்க வேண்டும். அந்திப் படம் என்றால் வாவிப் பக்கம். விடியலில் நிற்பதற்கு மேக்கப் நள்ளிரவு தாண்டினதும் தொடங்கிவிடும். உங்கள் பிடரி வலியின் பாதி அந்தக் கதிரையில்தான் என்பது என் எண்ணம். கண்ணுக்கு மை போட, கொண்டை கட்ட என்று தலையைப் பின்னால் சாய்த்தபடி மணிக்கணக்கில் இருக்கிறீர்கள். நாரிக்குப் பின்னால் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள், கால் மேல் கால் போட வேண்டாம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் இரண்டு நிமிடம் எழும்பி நடக்கக் கேளுங்கள். கேட்டால் தராத அலங்காரக்காரர் குறைவு. நாம்தான் வாய் திறப்பதில்லை.

படுக்கையிலிருந்து எழும்பின கையோடு குனிந்து காலைத் தொடுவதையும் விட்டுவிடுங்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். காலையில் எல்லோரும் மாலையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான் (உங்களுக்குக் கிடைக்கிற உயரம் அவ்வளவுதான்!). அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் வட்டுகளுக்கு அழுத்தம் கூடும். முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் செய்யக்கூடியவை: கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும் பூனை-பசு நிலை, சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை ஏற்றி இறக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, இடமும் வலமும் மெல்லத் திரும்புவது. படப்பிடிப்புக்கு முன் அசைகிற பயிற்சியே நல்லது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் வலு கொஞ்ச நேரத்துக்குக் குறையும். குதி உயர்ந்த செருப்போடு போய் நிற்பதற்கு அது தோதில்லை.

ஆழமாக இழுக்கிற வேலையை மாலைக்கு வையுங்கள். கிழமையில் நாலைந்து நாள், இருபது நிமிடம் போதும். சுவரைத் தள்ளிக்கொண்டு கெண்டைக்காலை இழுங்கள். ஒருதரம் பின்கால் முழங்கால் நேராக, ஒருதரம் சற்று மடித்து, ஒவ்வொன்றும் முப்பது விநாடி. குதி உயர்ந்த செருப்பு போடுகிற நாட்களில் இதை விட வேண்டாம். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மறுகாலை முன்வைத்து இடுப்பை முன்னே இறக்கினால் தொடையின் மேல்பகுதி இழுபடும். ஸ்கூட்டியிலும் கதிரையிலும் இருந்து இருந்து அந்த இடம் சுருங்கினால் நாரி முன்னால் வளைந்து, படத்தில் வயிறு தள்ளித் தெரியும். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனத்தில் கையால் தள்ளி எழும்பாமல் முதுகின் வலுவால் எழும்புங்கள், தொப்புள் தரையிலேயே இருக்கட்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம் பின்பக்கத் தசைக்கு. கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கிற சவாசனம், போனைத் தூர வைத்துவிட்டு. மந்திரம், சுலோகம் எல்லாம் அவரவர் விருப்பம், இவை எதற்கும் அது கட்டாயமில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், எலும்பு வளைய வேண்டியதில்லை. இழுக்கும்போது "போதும்" என்று தடுப்பதில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துக்கு. ஒழுங்காகச் செய்தால் சில வாரங்களில் அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும், எந்த வயதிலும். அதேநேரம் இடுப்பு மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குப் பத்மாசனம் வாழ்நாளில் வராது. வலிந்து போட்டால் பழி முழங்காலில் விழும். உங்கள் முழங்கை நீட்டும்போது பின்பக்கமாக வளைகிற வகையா என்றும் பாருங்கள். அப்படியென்றால் உங்களுக்கு இழுக்கிற பயிற்சி அதிகம் தேவையில்லை, வலுதான் தேவை. படத்திலும் அந்தக் கை உடைந்ததுபோலத் தெரியும், எப்போதும் சற்று மடித்தே வையுங்கள்.

யோகாப் படம் என்று சொல்லிக் கடற்கரையில் தலைகீழாக நிற்கிற சிரசாசனமோ முதுகைப் பின்னால் வில்லாக வளைக்கிற சக்கராசனமோ செய்யக் கேட்டால், பழகாத ஆசனத்தைச் செய்ய மறுத்துவிடுங்கள். அந்தப் படத்துக்கு அவர்கள் தருகிற காசு கழுத்துக்குக் காணாது.

விரல் விறைப்பதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதற்கு நான் ஆசனம் சொல்லப் போவதில்லை. அது கழுத்திலிருந்தும் வரலாம், முழங்கையிலோ மணிக்கட்டிலோ நரம்பு நெருக்குப்பட்டும் வரலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், காசு செலவில்லை. போவதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பெருவிரல் பக்கமா, சின்னவிரல் பக்கமா, இரவில் எழுப்புகிறதா, பொருட்கள் கையிலிருந்து நழுவுகிறதா. வைத்தியருக்கு அந்த விவரம் மிகவும் உதவும். அவர் பார்க்கும்வரை கையில் உடம்பின் பாரத்தை ஊன்றுகிற எதுவும் வேண்டாம், காலைப் பயிற்சியில் சொன்ன பூனை-பசுவும் வேண்டாம். கழுத்தை வட்டமாகச் சுழற்றவும் வேண்டாம். மூச்சுப் பழக்கத்தையும் தாடாசனத்தையும் இன்றைக்கே தொடங்கலாம்.