“பலன் பின்னால் தெரியும்” என்கிறது பள்ளி, எப்போது என்று கேளுங்கள்

சார், செய்து பார்த்துக் கற்கும் பள்ளியில் மகளைச் சேர்த்திருக்கிறோம், இதில் பலன் உண்டா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். மகளை வயலில் இறக்குகிறார்கள், சந்தை போடச் சொல்கிறார்கள், புராஜெக்ட் என்று வீடு முழுக்க சார்ட்டும் ஃபெவிகாலும் கிடக்கிறது, ஃபீஸும் அதிகம். கேட்டால் “பலன் பின்னால் தெரியும் சார்” என்கிறார்கள். போதாக்குறைக்கு, தன் பையனை ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுக்கான ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்த உங்கள் மைத்துனர் வேறு, மகள் பின்தங்கிவிடுவாள் என்று பயமுறுத்துகிறார்.

சரி, முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பாடத்திட்டத்தை விட்டு விலகிப் படித்தால் கல்லூரியில் என்ன ஆகும் என்று பெரிய அளவில் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1930-களில் அமெரிக்காவில் சுமார் 30 பள்ளிகள் பாடத்திட்டத்தைத் தங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொண்டன. அங்கே படித்த பிள்ளைகளை வழக்கமான நுழைவு நிபந்தனைகள் இல்லாமலே சேர்த்துக்கொள்ள 300 கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. எட்டாண்டு ஆய்வு என்பார்கள், முடிவுகள் 1942-இல் வெளிவந்தன. இந்தப் பள்ளிகளில் படித்த ஒவ்வொருவருக்கும், வழக்கமான பள்ளியிலிருந்து வந்த, வயது, பாலினம், திறன் தேர்வு மதிப்பெண், குடும்பப் பின்னணி எல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகிற ஒருவரைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்த்தார்கள். இப்படி 1,475 ஜோடிகளைக் கல்லூரிக்குள் போன பிறகும் கவனித்தார்கள்.

மதிப்பெண்ணில் இந்தப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள், அயல்மொழிப் பாடம் மட்டும் விதிவிலக்கு. புதுச் சூழலைச் சமாளிப்பதிலும், எந்த வேலைக்குப் போகலாம் என்ற தெளிவிலும் ஒரு படி மேல். அதிகமாக மாற்றம் செய்த பள்ளிகளின் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் நேரத்தைத் திட்டமிடுவதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்! ஆகவே “டைம் மேனேஜ்மென்ட் தானாக வந்துவிடும்” என்று ஓரியண்டேஷனில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே கல்லூரிகள் கதவைத் திறந்து வைத்திருந்தன. இங்கே பொறியியலுக்கு 200-க்குக் கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட். அதனால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வுப் பயிற்சிக்கு என்ன ஏற்பாடு என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆறாம் வகுப்பில் வயலுக்குப் போவது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இனி பலனை அளக்கும் விஷயம். பள்ளி உங்களிடம் என்ன காட்டும்? களப்பயணம் முடிந்த அன்றே பிள்ளைகள் நிரப்பிய படிவம், வெளிநாட்டில் படிக்கும் நாலு முன்னாள் மாணவர்களின் படம். முதலாவது அன்றைய உற்சாகத்தைச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டாவது அந்த நாலு வீடுகளின் வசதியைச் சொல்லும், ஏனென்றால் இவ்வளவு ஃபீஸ் கட்டி, யோசித்துச் சேர்க்கிற பெற்றோரின் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்திருந்தாலும் ஓரளவு நன்றாகவே வந்திருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ஏழெட்டு வருஷத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு செட் முழுவதும் இப்போது எங்கே, எத்தனை பேரோடு தொடர்பு இருக்கிறது, கல்லூரியை நடுவில் விட்டவர்கள் உண்டா, படிப்பை மாற்றிக்கொண்டவர்கள் ஏன் மாற்றினார்கள். முடிந்தால் சுமாராகப் படித்த இரண்டு பேரிடமாவது பேசச் சம்மதம் வாங்கித் தரச் சொல்லுங்கள். டாப்பர் வேண்டாம்.

அளக்கும் நேரமும் முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960-களில் 123 ஏழைக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தாங்களே திட்டமிட்டுச் செய்து கற்கிற பாலர் பள்ளி நடத்தினார்கள். அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் முதலில் ஏறியது, சில வருஷத்திலேயே அந்த ஏற்றம் கரைந்துபோனது. அப்போதே கணக்கை மூடியிருந்தால் பணம் வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது அவர்கள் மற்ற குழுவைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கைதானதும் குறைவு. அதனால் ஏழாம் வகுப்பு அரையாண்டு மார்க்கை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

முன்னாள் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கை எழுதி வைத்திருக்கும் பள்ளிகள் நம் பக்கம் குறைவு. அதற்காகவே மகளை மாற்ற வேண்டாம். எங்களிடம் கணக்கு இல்லை, இந்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று ஒரு தலைமை ஆசிரியர் சொன்னால் நான் அவரை நம்புவேன். அப்புறம், ஆசிரியர்கள் எத்தனை வருஷம் அங்கே தங்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள், வருஷா வருஷம் ஆள் மாறினால் எந்தத் திட்டமும் பெயரளவில்தான் இருக்கும். அடுத்த வருஷ ஃபீஸ் சர்க்குலர் வருவதற்குள் ஒரு நாள் நேரம் வாங்கிப் போய்ப் பேசிவிடுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.