ஸ்கேன் எடுப்பவரும் ஸ்கேன் பார்ப்பவரும்

அம்மா, மகளை பி.எஸ்சி. ரேடியாலஜியில், அதாவது ஸ்கேன், எக்ஸ்-ரே எடுக்கும் படிப்பில் சேர்க்கலாமா, அது வெறும் பட்டன் அமுக்கும் வேலையாமே என்று கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொன்னவர் ஸ்கேன் அறைக்குள் நின்று பார்த்திருக்க மாட்டார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நெஞ்சின் நடுவில், இதயத்தை ஒட்டிய பகுதியில், இரத்தக்குழாய்களே பெருகிக் கட்டியாவது உண்டு. ஹீமாஞ்சியோமா என்பார்கள். புற்றுநோய் இல்லை. அந்தப் பகுதியில் வரும் கட்டிகளில் 0.5 சதவீதம்கூட இருக்காது. படத்தில் இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் எடுக்கும் முதல் சி.டி. படத்தில் இது வேறு கட்டி போல ஏமாற்றும். சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தால், மருந்து மெல்ல மெல்ல உள்ளே நிறைவது தெரியலாம். சுமார் பத்தில் ஒருவருக்குக் கட்டிக்குள் குட்டி குட்டியாக வட்டக் கால்சியம் கற்கள் இருக்கும். அது நல்ல துப்பு. எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். இதைச் சந்தேகிக்காமல் ஊசி போட்டுச் சதை எடுத்தால் இரத்தம் கொட்டும் அபாயம் உண்டு.

அந்தத் தாமதப் படத்தை நேரம் தவறாமல், நோயாளி அசையாமல் எடுத்துத் தருபவர் டெக்னாலஜிஸ்ட். பார்த்துப் பெயர் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட். படம் சொதப்பினால் எவ்வளவு பெரிய டாக்டராலும் படிக்க முடியாது.

ஆனால் ஒன்று. பி.எஸ்சி. முடித்தால் ரேடியாலஜிஸ்ட் ஆக முடியாது. பல குடும்பங்கள் இதைச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ரிப்போர்ட் எழுதும் டாக்டராக வேண்டுமென்றால் நீட், ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்., மறுபடி நீட் பி.ஜி., ரேடியாலஜியில் மூன்று வருட எம்.டி. என்றுதான் போக வேண்டும். பி.எஸ்சி. அதைவிடச் சின்னப் பாதை. சீக்கிரம் சம்பாதிக்கலாம், அது வேறு கௌரவமான தொழில். மகளுக்கு எது வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.

கதிர்வீச்சு பயம் வேண்டாம். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் எக்ஸ்-கதிரே கிடையாது. சி.டி., எக்ஸ்-ரே பக்கம் வேலை செய்பவர்கள் மேலே படும் கதிர்வீச்சின் அளவு பார்க்கும் பேட்ஜ் அணிவார்கள். ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது இந்தியாவில் உச்ச வரம்பு.

சரி, கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த மருத்துவமனையில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஓடுகிறதா, மாணவர்களை அந்த மெஷின்களைத் தொட விடுகிறார்களா என்று இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். அப்புறம் பணம் கட்டலாம்.