கேள்வி கேட்கிற பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

சார், உங்கள் மகள் 15 வயதில் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றுகிறாள், நாலு நாளில் அதையும் விட்டு வேறொன்றுக்குத் தாவுகிறாள், இப்படி இருந்தால் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியும் இருக்கிறது: கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பிரித்துப் போடும் பிள்ளைகள் நிறைய, திரும்ப மாட்ட வேண்டுமே என்று முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு.

பேட்டரி தீரும் நேரத்தில் நொடிமுள் ஏன் ஒன்பது பக்கத்திலேயே நின்று துடிக்கிறது என்று கேட்டாளாம், "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்றீர்களாம். சரி, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே அவள் பாடம் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள் மேலே ஏற வேண்டும்; ஒன்பதில் அது படுக்கைவாட்டில் இருப்பதால் அதன் எடை கீழே திருப்பும் திறன் அங்கேதான் அதிகம், சோர்ந்துபோன பேட்டரியால் அதைத் தாண்ட முடிவதில்லை. விசையின் திருப்புத்திறன் என்று இயற்பியலில் மனப்பாடம் செய்கிறார்களே, அதேதான். இன்னும் உள்ளே போனால் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதென்ன அப்படியொரு எண்? 15 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. ஒரு குட்டி மின்னணுச் சில்லு (சிப்) அதைப் பாதி, பாதியில் பாதி என்று 15 தடவை குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அடுக்குக்குறி எல்லாம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு நான் காட்டுவது இதைத்தான்.

ஆர்வம் வந்தால் படிப்பு ஒட்டும் என்பது சும்மா ஆறுதல் பேச்சு இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. பொது அறிவுக் கேள்வியைக் கொடுத்து, விடைக்குச் சில நொடிகள் காக்க வைத்து, அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். எந்த விடையைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருந்தார்களோ அது நன்றாக நினைவில் நின்றது; கூடவே, அந்த நேரத்தில் பார்த்த முகமும் மற்ற முகங்களைவிட நன்றாக நினைவில் நின்றது. அதனால் அவள் கேட்டதும் விடையைத் தேடிக் கையில் கொடுத்துவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு ராத்திரி வரை விடுங்கள். பிடிக்காத பாடத்தையும் அந்தச் சூட்டோடு படிக்க வைத்துப் பாருங்கள்.

அப்போ நாள் முழுக்க போனில் வீடியோ தள்ளுகிறாளே, அதுவும் ஆர்வம்தானா? டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1960-களிலேயே இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். சலிப்பைப் போக்க ஏதாவது புதிதாகத் தேடுவது ஒரு வகை, குறிப்பிட்ட ஒன்றுக்கு விடை கிடைக்கும்வரை விடாமல் தேடுவது இன்னொரு வகை. மறுநாள் யாரும் சொல்லாமல் அதே விஷயத்துக்குத் திரும்பி வருகிறாளா என்று பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

தாவுகிறாள் என்றீர்களே, கடிகாரத்துக்கு முன்னால் சைக்கிள் கியர், அதற்கு முன்னால் கதவுப் பூட்டு. எனக்கு இது தாவலாகவே தெரியவில்லை. ஒன்றின் அசைவு இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் மூன்றிலும் பார்த்திருக்கிறாள். அதற்காக இன்றைக்கே மெக்கானிக்கல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல்சக்கரத்தைப் பற்றி அதிகம் பேசினாளா, சர்க்யூட்டைப் பற்றியா, அந்த 32,768-ஐச் சொன்னால் கண் விரிகிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். அப்புறம், அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் அவளைக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். உங்கள் வேலையிலேயே அலுப்பான பகுதி எது என்று அவளே கேட்கட்டும். அந்த அலுப்பைக் கேட்ட பிறகும் மேலே கேள்வி கேட்கிறாள் என்றால் அந்தத் துறையைத் தைரியமாகப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஆர்வம் இருந்தால் மார்க் எதற்கு என்று மேடையில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நல்ல கல்லூரிக்குள் நுழைய மார்க் வேண்டும், அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கழற்றுகிற நேரத்தைப் பறித்தால் மார்க் ஏறிவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பறித்த நேரம் பெரும்பாலும் போனுக்குத்தான் போகும்.

ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு மாதிரி வகுப்புக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த வாரத்துக்குள் தானாக எதையாவது தொடர்ந்து செய்து பார்த்தால் கட்டுங்கள். தொடவே இல்லை என்றால், அங்கே கொடுத்த சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.