விந்தணுவும் கருமுட்டையும் சுமக்கும் முத்திரைகள்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, தாய் தரும் மரபணுக்களும் தந்தை தரும் மரபணுக்களும் ஒரே வகைதானே? அப்படியானால் இரண்டு தாய்களிடமிருந்து ஒரு குட்டி ஏன் பிறப்பதில்லை?

பதில்: கருவுற்ற சுண்டெலி முட்டையில் உட்கருக்களை மாற்றி வைத்து, கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழுவினரும் ஃபிலடெல்ஃபியாவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் 1984இல் இதைச் சோதித்தார்கள். இரண்டும் தாய்வழியாக இருந்தாலும், இரண்டும் தந்தைவழியாக இருந்தாலும் கரு பிறப்பு வரை வளரவில்லை. டி.என்.ஏ. வரிசையில் குறை ஏதுமில்லை. அதன்மேல் ஒட்டியிருந்து, ஒரு மரபணு இயங்குமா அடங்குமா என்பதைத் தீர்மானிக்கும் சிறு வேதிக்குறிகளான மீத்தைல் முத்திரைகள்தாம் வேறுபட்டிருந்தன. கருவின் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் தந்தைவழிப் படி மட்டுமே இயங்குகிறது. தாய்வழிப் படிகள் இரண்டு இருந்தும் பயனில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): இந்த முத்திரைகள் எப்போது இடப்படுகின்றன?

பதில்: பின்னாளில் விந்தணுவாகவோ முட்டையாகவோ மாறும் இனச்செல்களின் முன்னோடிகள் கருவிலேயே, தாய் தந்தையரிடமிருந்து வந்த பழைய முத்திரைகளைப் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. அதன்பின் பாதை பிரிகிறது. சுண்டெலியில் ஆண் இனச்செல்களுக்குப் பிறப்பதற்கு முன்பே புதிய முத்திரைகள் இடப்படத் தொடங்குகின்றன. பெண்ணிலோ, பிறந்த பிறகு முட்டைச்செல் பருத்து வளரும் காலத்தில்தான். டோக்கியோவில் கோனோவின் குழுவினர் 2004இல் தந்தையில்லாச் சுண்டெலியை உருவாக்கியபோது இந்தக் கால இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டு முட்டைகளில் ஒன்றை, முட்டையில் முத்திரை இன்னும் விழாத, அப்போதுதான் பிறந்த குட்டியிடமிருந்து எடுத்தார்கள், ஐ.ஜி.எஃப்.2 இயங்குவதற்காக அந்தக் குட்டியில் அம்மரபணுவின் அருகிலுள்ள எச்19 என்ற டி.என்.ஏ. பகுதியும் முன்பே நீக்கப்பட்டிருந்தது. ‘காகுயா’ என்று பெயரிடப்பட்ட அச்சுண்டெலி வளர்ந்து தானும் குட்டி ஈன்றது. 1984ஆம் ஆண்டுச் சோதனையின் முடிவுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): முத்திரையிடும் நொதி இல்லாவிட்டால்?

பதில்: அந்நொதிக்குத் துணைநிற்கும் டி.என்.எம்.டி.3எல் புரதம் இல்லாத ஆண் சுண்டெலியில், அடங்கிக் கிடக்க வேண்டிய, டி.என்.ஏ.வில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. விந்தணு உருவாக்கம் தடைபட்டு அது மலடாகிறது. பெண்ணுக்கோ முட்டை முதிர்கிறது, கருவும் தரிக்கிறது. ஆனால் தாய்வழி முத்திரையில்லாத அந்தக் கரு பாதிக் கர்ப்பத்திலேயே இறந்துவிடுகிறது.

கேள்வி (இளம் தந்தை): என் உணவுப் பழக்கம் விந்தணு வழியாகக் குழந்தைக்குப் போகுமா?

பதில்: அதற்கான வழி குறுகலானது. விந்தணுவில், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களான ஹிஸ்டோன்களின் பெரும்பகுதியை அகற்றி, புரோட்டமின் என்ற வேறொரு புரதம் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டுகிறது. கருவுற்றதும் தந்தைவழி மீத்தைலின் பெரும்பகுதியும் அழிகிறது. முன்சொன்ன பெற்றோர் முத்திரைகள் இந்த அழிப்புக்குத் தப்பினாலும், அவை தந்தையின் உணவைப் பொறுத்து இடப்படுபவை அல்ல. சுண்டெலிகளில் உணவின் தாக்கம் குட்டிக்குச் செல்வதற்குச் சில சான்றுகள் உண்டு. மனிதரில் அது நிறுவப்படவில்லை; ஆகவே இதை வைத்து விற்கப்படும் உணவுப் பட்டியல்களை நம்ப வேண்டாம்.