செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் முதல் தனிப்பறப்பு போகும் மாணவர்கள் தரையிறங்கும்போது மூக்குச் சக்கரத்தை உடைத்துக்கொள்வது ஏன்? துள்ளினால் என்ன செய்ய வேண்டும்?

தரையில் மோதும் முதல் அடியிலேயே உடைவது அபூர்வம். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது அடியில்தான் உடைகிறது. இடையில் மாணவர் யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளியிருப்பார்.

கோளாறு ஃபைனலிலேயே, அதாவது ஓடுதளத்தை நோக்கிய கடைசி நேர்கோட்டு இறக்கத்திலேயே, ஆரம்பமாகிவிடும். 172எஸ் ரகம் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) முழுக்க இறக்கி 60 முதல் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குள் வர வேண்டும். 65 வைத்துக்கொள்வது வழக்கம். 75-இல் வந்தால் பத்து நாட்தானே என்று தோன்றும். ஆனால் விமானத்தைத் தூக்கும் விசையான லிஃப்ட் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அதேயென்றால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சக்கரம் தரையைத் தொடாமல் ஓடுதளத்தின் மேல் மிதந்துகொண்டே போகும். போதாததற்கு, தனிப்பறப்பில் பக்கத்து சீட் காலி. இன்ஸ்ட்ரக்டரின் எடை இல்லாததால் வழக்கமான 65-இலேயே கூடுதலாக மிதக்கும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாதது இன்ஸ்ட்ரக்டரின் தவறு என்பேன்.

ஓடுதளம் தீர்ந்துவிடுமே என்று பதறி மூக்கை அழுத்தினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதும். மூக்கு எகிறும், இறக்கையின் தாக்குகோணம் (காற்றைச் சந்திக்கும் அந்தக் கோணம்) கூடும், விமானம் மறுபடி காற்றில். எகிறுவதைப் பார்த்து மாணவர் தள்ளுவார். அவர் கை போய்ச் சேர்வதற்குள் வேகம் குறைந்து மூக்கு தானாகவே கவிழத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து அடுத்த அடி இன்னும் பலமாக விழும்.

பிரதான சக்கரங்களின் கால்கள் வளைந்துகொடுக்கும் எஃகு. மூக்குச் சக்கரத்தின் கால் பொருந்தியிருப்பதோ ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில். அதன் மேல் அவ்வளவு அடி விழக்கூடாது.

லேசான துள்ளல், ஓடுதளமும் நிறைய மீதி இருக்கிறதென்றால், தரையிறங்கும் நிலையிலேயே மூக்கைப் பிடித்து நிறுத்தி, இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி மெல்ல இறங்கவிடலாம். பலமாகத் துள்ளினாலோ இரண்டாவது முறை துள்ளினாலோ யோசிக்கவே வேண்டாம், கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவதுதான். த்ராட்டில் முழுக்க உள்ளே, ஃபிளாப் உடனே 20 டிகிரிக்கு, 60 நாட் வேகத்தில் ஏற்றம். ஃபிளாப்பை ஒரேயடியாக மேலே எடுத்தால் அந்த உயரத்தில் விமானம் அப்படியே அமிழும். இன்னொரு பொறி டிரிம், அதாவது யோக்கைப் பிடிக்கும் பாரத்தைக் குறைக்க வைக்கும் அமைப்பு. இறங்குவதற்காக வைத்த டிரிம்மில் முழு பவர் கொடுத்தால் மூக்கு வேகமாக மேலே போகும், இடப்பக்கமும் இழுக்கும். இங்கே மட்டும் யோக்கை முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும், கூடவே வலது ரடர் பெடல் (வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதி).

தப்பி இறங்கிவிட்டாலும் சொல்லாமல் விமானத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இன்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். ரடர் பெடல் இறுக்கமாகத் தெரிந்தாலும் சந்தேகப்படலாம். புரொபெல்லர் நுனி தரையில் உரசி வளைந்திருந்தால் புரொபெல்லரை மட்டும் மாற்றிப் பறக்க முடியாது. அந்த அதிர்ச்சி புரொபெல்லரைச் சுழற்றும் இன்ஜின் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வரை போயிருக்கும். 172எஸ்ஸில் உள்ளது போன்ற லைகமிங் நிறுவன இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்ட் கியரையும் அதன் போல்ட்டையும் பிரித்துப் பார்ப்பது கட்டாயம் என்று அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏ 2004-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.