ஊடகம் காட்டும் ஊரும் மக்கள் மனத்தில் உள்ள ஊரும்: எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: நாங்கள் மூவர், சுற்றுலாவியல் முதுகலை மாணவர்கள். ஒரு மலைவாசத்தலத்தைப் பற்றிப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் யூடியூபும் காட்டும் பிம்பத்தைப் பயணிகளின் எண்ணத்தோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறோம். ஐந்து புள்ளி அளவுகோலில் 20 கேள்விகள் கொண்ட கேள்வித்தாள் தயார். ஊடகப் பக்கத்துக்கு எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண நினைக்கிறோம். மூன்று மாதம் கையில் இருக்கிறது. இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இந்தத் திட்டப்படி போனால் முடிவில் ஒரு பக்கம் 'தூய்மை: சராசரி 3.8' என்று இருக்கும். மறுபக்கம் 'தூய்மை: 41 முறை' என்று இருக்கும். இந்த இரண்டு எண்களையும் எந்தப் புள்ளியியல் முறையாலும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. முதல் எண், கேட்டதற்குக் கிடைத்த மதிப்பெண். இரண்டாவது, யாரும் கேட்காமலே சொன்னதன் எண்ணிக்கை. இத்தகைய ஆய்வுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் 'தூய்மை எப்படி?' என்று கேட்டால், தூய்மையைப் பற்றி நினைத்தே பார்க்காதவரும் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். பத்திரிகையை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது தனக்கு முக்கியம் என்று பட்டதை மட்டும் சொல்கிறது. மக்களையும் அதே போலப் பேசவிட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அதற்கு வழி 1990களின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. எக்ட்னர், ரிட்சி என்ற இரு ஆய்வாளர்கள் பயணத்தல பிம்பத்தை அளக்க மூன்று திறந்தநிலைக் கேள்விகளை, அதாவது சொந்தச் சொற்களில் பதில் சொல்லவிடும் கேள்விகளை, முன்வைத்தார்கள். நம் வழக்கில் இப்படிக் கேட்கலாம்: அந்த ஊர் என்றதும் உங்கள் மனத்தில் என்னென்ன தோன்றுகிறது? அங்கே என்ன மாதிரியான சூழல், என்ன மாதிரியான மனநிலை இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டுமே உள்ளவை எவை? முதல் கேள்வியில் மலை, குளிர், கூட்டம் போன்ற பொதுப் பண்புகள் வரும். இரண்டாவதில் உணர்வு வரும். மூன்றாவதில் ஊரின் தனி அடையாளம் வரும். ஊடகத்திலும் இந்த மூன்று அடுக்குகளைத் தேடுங்கள்.

உங்களுடைய 20 கேள்விகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றில் எட்டோ பத்தோ எடுத்து, திறந்தநிலைக் கேள்விகளுக்குப் பிறகு, வேறொரு தாளில் கேளுங்கள். வரிசை மாறினால் எல்லாம் கெட்டுப்போகும். பட்டியலை முதலில் பார்த்தவர் அதிலுள்ள சொற்களையே திருப்பிச் சொல்வார். 'இந்த ஊரைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். அதன் பதிலை முழுதாக நம்பவும் வேண்டாம். ஒரு செய்தி நினைவில் தங்கும் அளவுக்கு, அது எங்கிருந்து வந்தது என்பது தங்குவதில்லை.

யாரிடம் கேட்பது? 'பயணிகள்' என்று ஒரே கூடையில் போடாதீர்கள். ஊருக்கே போகாதவர்கள், ஒருமுறை போய்வந்தவர்கள், அடிக்கடி போகிறவர்கள் என மூன்று குழுக்களுக்கும் வெவ்வேறு பிம்பம். போகாதவரின் எண்ணத்தை ஊடகத்தோடு ஒப்பிட்டால், ஊடகச் சித்திரம் எவ்வளவு தூரம் மனத்தில் இறங்கியிருக்கலாம் என்று தெரியும். போய்வந்தவரின் எண்ணத்தை ஒப்பிட்டால், காட்டப்பட்டதற்கும் அனுபவித்ததற்கும் உள்ள இடைவெளி தெரியும். இவை இரண்டு வேறு கேள்விகள். கலந்தால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது. மூன்று மாதத்தில் முதல் இரண்டு குழுக்களே போதும்.

காட்சிமுனையில் நின்றுகொண்டு வருவோர் போவோரிடம் மட்டும் கேட்பது எளிது, ஆனால் ஆபத்தானது. ஊடகச் செய்தியைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று முடிவெடுத்தவர் அங்கே இருக்கமாட்டார். போகாதவர்களை வேறு ஊரில்தான் தேட வேண்டும். போய்வந்தவர்களை ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில், அதாவது பேருந்து நிலையத்திலோ விடுதி வரவேற்பறையிலோ பிடியுங்கள். வந்து இறங்கியவுடன் கேட்டால் கிடைப்பது எதிர்பார்ப்புதான், அனுபவம் இல்லை.

எண்ணிக்கை: ஒரு குழுவுக்கு 150 பேர் வைத்தால், இரண்டு குழுக்களின் சதவீதங்களுக்கு இடையே 11 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தைப் பெரிதாகப் பேச முடியாது. 200 பேர் என்றால் அந்த எல்லை 10க்குச் சற்றுக் குறைவு. 400 பேரிடம் கேட்டால்தான் 7 புள்ளிக்கு இறங்கும். இது 95 சதவீத நம்பிக்கை அளவில், சதவீதம் 50ஐ ஒட்டி இருக்கும்போது, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் வரும் கணக்கு. கிடைத்தவர்களிடம் கேட்டது என்றால் உண்மையான பிழை இதைவிடக் கூடத்தான் இருக்கும். குழுவுக்கு 150 வீதம் இரண்டு குழுக்களுக்கு 300 பேர் என்பதே உங்கள் மூவரால் முடியக்கூடிய வேலை.

இனி ஊடகப் பக்கம். முதலில் எல்லை. 'ஊர்' என்றால் நகராட்சியா, சுற்றியுள்ள அருவிகளும் சேர்த்தா, மாவட்டமா? 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தை நினைத்துப் பாருங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவை என்று அரசு வகைப்படுத்தியது அப்போதைய 75 மாவட்டங்களில் 14ஐத்தான். தூரத்திலிருந்து செய்தி படித்தவருக்கோ அது 'நேபாளம்' என்ற ஒற்றைப் பெயர். ஊடகம் நாட்டைப் பற்றிப் பேச, பயணி ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசினால், கிடைக்கும் இடைவெளி எல்லை வரைந்ததில் வந்த கோளாறாகவே இருக்கும். இரு பக்கத்துக்கும் ஒரே எல்லையை எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது காலம். மக்களிடம் கேட்கத் தொடங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களை எடுங்கள். ஆண்டு முழுக்க எடுத்தால்தான் மழைக்காலப் பனிமூட்டமும் விடுமுறைக்கால வாகன நெரிசலும் இரண்டுமே உள்ளே வரும். பழைய பிம்பம் நீண்ட நாள் உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2000இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் ஆளரவமற்ற கடற்கரையாக உலகுக்கு அறிமுகமானது. அந்தப் பிம்பமே கூட்டத்தைக் கூட்டிவந்தது. பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். படம் காட்டியதும் பொய்யில்லை, பின்னால் போனவர் 'ஒரே கூட்டம்' என்றதும் பொய்யில்லை. தேதிதான் வேறு.

நாளிதழ் ஆய்வில் ஓர் ஆண்டுக்கு இரண்டு 'கட்டமைத்த வாரங்கள்' போதும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். திங்கள்கிழமைகளிலிருந்து ஒன்று, செவ்வாய்களிலிருந்து ஒன்று என்று குலுக்கி எடுக்கும் முறை அது. பத்திரிகையின் பொதுவான உள்ளடக்கத்துக்கு அது பொருந்தும். ஒரே ஒரு ஊரைப் பற்றிய செய்தி அரிதாகத்தான் வரும் என்பதால், 14 நாள் இதழ்களில் நாலைந்து செய்திகூடத் தேறாது. ஊர்ப் பெயரைத் தேடி, 12 மாதத்தில் வந்த அனைத்தையும் எடுத்துவிடுங்கள்.

எடுத்ததை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: செய்தி, சுற்றுலாத் துறையும் விடுதிகளும் பணம் கொடுத்து வெளியிட்ட விளம்பரம், தனிநபர் வீடியோக்கள். கிளேர் கன் என்ற சுற்றுலா ஆய்வாளர் 1972லேயே விளம்பரத்தால் தூண்டப்படும் பிம்பத்தையும் தானாக உருவாகும் பிம்பத்தையும் பிரித்துக் காட்டினார். மூன்றையும் சேர்த்து 'ஊடகம் இப்படிச் சொல்கிறது' என்று எழுதினால், நிலச்சரிவுச் செய்தியும் தேனிலவு விளம்பரமும் ஒன்றையொன்று அடித்து, எங்குமே இல்லாத ஒரு சராசரி ஊர்தான் மிஞ்சும். ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தி ஆறு இதழ்களில் வந்திருந்தால் ஒன்றாக எண்ணுவதா, ஆறாகவா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என் பரிந்துரை, ஒன்றாக எண்ணி, ஆறு இடத்தில் வந்தது என்று தனிப் பத்தியில் குறிப்பது. பயணிகள் இணையத்தில் எழுதும் விமர்சனங்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் அப்படித்தான். ஏதாவது ஒரு பக்கம் வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் ஊடகமும் மக்களும் ஒத்துப்போவதாகத் தானாகவே முடிவு வரும்.

இரு பக்கத்தையும் வெட்ட வேண்டிய கத்தி ஒன்றுதான்: குறியீட்டுப் பட்டியல், அதாவது சொன்னதை எந்தப் பண்பின் கீழ் சேர்ப்பது என்பதற்கான பெயர்ப் பட்டியல். 30 மக்கள் பதில்களையும் 30 ஊடகப் பதிவுகளையும் சேர்த்துப் படித்து, 25 முதல் 35 குறியீடுகள் கொண்ட ஒரே பட்டியல் போடுங்கள். ஊடகத்தை வைத்து மட்டும் பட்டியல் போட்டால், மக்கள் சொல்லும் கழிப்பறையும் வாகனம் நிறுத்துமிடமும் 'இதர' என்ற குறியீட்டில் போய் ஒளிந்துகொள்ளும். 'இதர' பத்து சதவீதத்தைத் தாண்டினால் பட்டியலைத் திருத்துங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் தொனிக்கும் ஓர் இடம் வையுங்கள்: சாதகம், பாதகம், நடுநிலை. 'அமைதியான ஊர்' என்பது ஒருவருக்குப் பாராட்டு, 'ஏழு மணிக்கே வெறிச்சோடிப் போகும்' என்பது இன்னொருவருக்குக் குறை. இரண்டும் ஒரே பண்புதான்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மென்பொருளில் போட்டுச் சொல்மேகம் (அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் படம்) எடுத்தால் 'மலை', 'மலையில்', 'மலைக்கு', 'மலையோட' எல்லாம் தனித்தனிச் சொல்லாகச் சிதறும், வேற்றுமை உருபு ஏறாத ஆங்கிலச் சொல் பெரிதாகத் தெரியும். பத்திரிகை 'குளுகுளு' என்று எழுதும், மக்கள் 'சில்லுன்னு இருக்கு' என்பார்கள். மென்பொருளுக்கு அவை இரண்டு சொற்கள். கையால் குறியிடும்போதுதான் இரண்டும் 'குளிர்ச்சி' என்ற ஒரே இடத்தில் வந்து சேரும். 'செம', 'சூப்பர்' என்பவற்றில் பண்பு எதுவும் இல்லை, தொனி மட்டுமே. அவற்றுக்குப் 'பொது மதிப்பீடு' என்று தனிக் குறியீடு கொடுங்கள்.

இருவர் தனித்தனியாக, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், 15 முதல் 20 சதவீதப் பதிவுகளைக் குறியிட்டு ஒத்துப்பாருங்கள். '90 சதவீதம் ஒத்துப்போனோம்' என்று எழுதிவிட வேண்டாம். நூற்றில் ஐந்து பதிவுகளில் மட்டும் வரும் ஒரு குறியீட்டை, இருவரும் படிக்காமலே நூற்றுக்கு ஐந்து என்று குத்துமதிப்பாகக் குறித்தாலும் 90.5 சதவீதம் ஒத்துப்போகும் (0.95 × 0.95 + 0.05 × 0.05). தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துச் சொல்லும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்பா என்ற அளவைப் போடுங்கள். 0.80க்கு மேல் இருந்தால் நல்லது. 0.667க்குக் கீழே போன குறியீட்டின் விளக்கத்தைத் திருத்தி மறுபடியும் செய்யுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

எண்ணும் இடம்தான் நுணுக்கமானது. கற்பனையாக ஒரு கணக்கு: 160 பேர், ஆளுக்குச் சராசரி 4 பண்புகள் சொல்கிறார்கள், மொத்தம் 640. ஊடகப் பதிவு 120, ஒவ்வொன்றிலும் சராசரி 9 பண்புகள், மொத்தம் 1,080. 'கூட்டம்' என்று சொன்னவர் 64 பேர், அதாவது ஆட்களில் 40 சதவீதம். ஊடகத்தில் 54 பதிவுகளில் வந்திருக்கிறது, அதாவது பதிவுகளில் 45 சதவீதம். அடடா, ஊடகம்தான் கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசுகிறது என்று தோன்றும். மொத்தக் குறிப்புகளில் பங்கு எடுத்துப் பாருங்கள்: மக்களிடம் 64/640, 10 சதவீதம். ஊடகத்தில் 54/1,080, 5 சதவீதம். படம் தலைகீழாகிவிட்டது. கட்டுரை நீளமானது, அதில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் வரும் என்பதே காரணம். ஆகவே ஒரு ஆளிடம், ஒரு பதிவில், ஒரு குறியீட்டை ஒரே முறை எண்ணுங்கள். பிறகு பங்கைக் கணக்கிடுங்கள். பங்கிலும் ஒரு குறை உண்டு, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும். அதனால் குறியீடுகளைத் தரவரிசைப்படுத்தி, இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஸ்பியர்மேன் ஒட்டுறவையும் சேர்த்துக் கொடுங்கள். ஒட்டுறவு எண் ஒன்றை மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். ஆய்வேட்டுக்கு உயிர் தருவது, எந்தக் குறியீடு எத்தனை இடம் ஏறி இறங்கியது என்ற அட்டவணைதான்.

கிடைத்த இடைவெளியை எப்படிப் படிப்பது? ஊடகத்தில் இல்லாத ஒன்றை மக்கள் சொன்னால், ஊடகம் மறைத்தது என்று எழுதிவிடாதீர்கள். செய்தி என்பது வழக்கத்துக்கு மாறானதைத் தேடுவது, பயணி அனுபவிப்பதோ வழக்கமானதை. தினமும் இருக்கும் நெரிசல் ஒருநாளும் தலைப்பாகாது. ஒத்துப்போவதையும் அதே எச்சரிக்கையோடு பாருங்கள். இரு பக்கமும் 'குளிர்' என்றால், ஊர் குளிராக இருக்கிறது என்பதே போதுமான காரணம். ஊடகத்தின் சாயல் என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை வேறு: போகாதவர்கள் விளம்பர வாசகத்தை அச்சு மாறாமல் சொல்வது, ட்ரோன் மட்டுமே பிடிக்கக்கூடிய கோணத்தை மனக்காட்சியாக விவரிப்பது. பயணிகளின் கைப்பேசிப் படங்களைச் சான்றாக எடுப்பதானால், 1990இல் சமூகவியலாளர் ஜான் அரி சொன்ன சுழற்சியை நினைவில் வையுங்கள். பார்த்த படத்தைத் தேடிப்போய் அதையே மறுபடி எடுத்து வருகிறார்கள். அந்தப் படம் ஊடகத்திலிருந்து விலகி நிற்கும் சாட்சி ஆகாது.

கால அளவைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் எல்லை, தேடல், 20 பேரிடம் மாதிரிச் சோதனை. அடுத்த நான்கு வாரம் களப்பணியும் ஊடகப் பதிவு சேகரிப்பும். பிறகு நான்கு வாரம் குறியிடல். நீங்கள் நினைப்பதைவிட இதற்கு நேரம் பிடிக்கும், ஒரு நாளைக்கு ஒருவர் 25 பதிவுக்கு மேல் குறியிட்டால் கவனம் சிதறும். கடைசி மூன்று வாரம் கணக்குக்கும் எழுத்துக்கும். பதில் தருபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களுக்குத் தேவையே இல்லை, தாளில் அந்தக் கட்டமே வைக்காதீர்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, பேச்சுவழக்கு மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'சுத்தமா ஒண்ணுமில்ல' என்பதை அவசரத்தில் 'சுத்தம்' என்று சுருக்கி எழுதிவிட்டால், குறியிடும் நாளில் அது தூய்மைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.