பாதி வட்டம் கடலுக்குள்

வணக்கம் மேடம்,

எனக்கு 33 வயது. பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். வேலை மாற்றலாகி இரண்டு வருடங்களுக்கு முன்பு கடலோரத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கு வந்தேன். பெருநகரம் என்று சொல்ல முடியாது, சின்ன ஊரும் இல்லை. காலையில் கடற்கரையில் நடக்கப் போனால் தெரிந்த முகம் ஒன்றாவது எதிரே வரும், அந்த அளவு.

எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். விளையாட்டுக்காக இல்லை. கூடவே வாழ ஒருவர் வேண்டும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். தூரம் 20 கிலோமீட்டர், வயது 32 முதல் 40 என்று வைத்தேன். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் ‘உங்கள் பகுதியில் புதிதாக யாரும் இல்லை’ என்று வர ஆரம்பித்தது. நான் வேண்டாம் என்று தள்ளியவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். விடுமுறைக் காலத்தில் திடீரென்று நிறைய புது முகங்கள் வரும். பேச ஆரம்பித்தால், சுற்றிப் பார்க்க வந்தவர்கள், மூன்று நாளில் கிளம்பிவிடுவார்கள்.

இதற்கு நடுவில் ஒருவர் கிடைத்தார். 11 வாரம் தினமும் இரவு பேசினோம். எழுத்தில்தான். என் அப்பா இறந்ததைப் பற்றி வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சந்திக்கலாம் என்று அவர் இரண்டு தடவை கேட்டார், நான்தான் தள்ளிப்போட்டேன். கடைசியில் சந்தித்தோம். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. எழுத்தில் அவ்வளவு பேசியவர் நேரில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் பேச வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏமாந்தது போல ஓர் உணர்வு. அன்று இரவு அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. பத்து நாள் கழித்து கடற்கரையில் எதிரே ஓடி வந்தார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அன்றிலிருந்து நான் காலை நடையை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் என் ப்ரொஃபைலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்றவர்களிடம் காட்டியிருக்கிறார். யாரும் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் ஓய்வறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

இந்த மாதிரி நகரத்தில் டேட்டிங் ஆப் எல்லாம் வேலைக்கு ஆகாதா? அல்லது குறை என்னிடம்தானா? ஆப்பை அழித்துவிடலாம் என்று விரல் வரை வருகிறது. அழிக்கவும் மனமில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி கடைசிக் கேள்வி இல்லை, ‘காலை நடையை நிறுத்திவிட்டேன்’ என்ற வரி. ஒரு மனிதரைச் சந்தித்து அது சரியாக அமையாததற்காக ஒரு கடற்கரையையே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், குறை உங்களிடமா என்ற கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 20 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆப் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. அதன் பரப்பு சுமார் 1,256 சதுர கிலோமீட்டர். நிலத்துக்கு நடுவில் இருக்கும் நகரத்தில் அது முழுவதும் மனிதர்கள் வாழும் இடம். நீங்கள் கரையில் இருக்கிறீர்கள். உங்கள் வட்டத்தில் பாதி கடல். மிஞ்சும் பாதியிலும் வயது வரம்பு, நிலையான உறவு தேடுபவர்கள், உண்மையிலேயே ஆப்பைத் திறந்து பார்ப்பவர்கள் என்று சலித்துக்கொண்டே போனால், இரண்டு வாரத்தில் பட்டியல் தீர்ந்துபோவது இயல்புதான். உங்களை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. இதே மனக்குறையோடு என்னிடம் வருபவர்கள் நிறைய. வெறும் நில அமைப்பைத் தங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இழந்த பாதி நிலத்தை ஈடுகட்ட 20-ஐ 40 ஆக்க வேண்டியதில்லை. 28 ஆக்கினாலே போதும், பரப்பு கிட்டத்தட்ட சரியாகிவிடும். அதைவிட முக்கியம், தூரத்தை வட்டமாகப் பார்க்காமல் சாலையாகப் பார்ப்பது. கரையோரமாகவே ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய இன்னொரு ஊர் இருந்தால் அங்கே இருப்பவர் உங்களுக்கு அருகில் இருப்பவர்தான். எந்த எல்லை வரை வாரம் ஒரு தடவை அலுக்காமல் போய்வருவீர்கள் என்று யோசித்து அந்த எண்ணை வையுங்கள். விடுமுறைக்கு வருபவர்கள் விஷயம் சுலபம். பல ஆப்கள், ஒருவர் கடைசியாக ஆப்பைத் திறந்த இடத்தை வைத்துத்தான் தூரம் காட்டுகின்றன. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் உங்கள் பக்கத்தில் இருப்பதாகத் தெரியலாம். அதனால் முதல் நாலைந்து செய்திக்குள்ளேயே ‘இங்கேயே வசிக்கிறீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். அது அவசரம் ஆகாது.

திரும்பி வரும் முகங்களைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. பெருநகரத்தில் ஒருவரைத் தள்ளினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. உங்களுக்கு இரண்டாவது பார்வை கிடைக்கிறது. உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-ல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன் மேல் நமக்குள்ள விருப்பத்தைக் கூட்டும் என்று காட்டியது. முதல் பார்வையிலேயே பிடிக்காமல் போனவர்களுக்கு இதைப் பொருத்த வேண்டாம். ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்று தள்ளினீர்களே, அவர்களுக்குத்தான் சொல்கிறேன். அந்த ப்ரொஃபைல்களை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். தினமும் படுக்கையில் கிடந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டாம். வாரம் மூன்று நாள், கால் மணி நேரம், உட்கார்ந்து. களைத்த கண்ணுக்கு எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, இப்போது அந்த 11 வாரம். அவர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்களும் அவரை ஏமாற்றவில்லை என்று நினைக்கிறேன். எழுத்தில் மட்டும் பழகும்போது என்ன நடக்கிறது என்று தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-ல் விளக்கினார். எழுதுபவருக்கு யோசித்து, திருத்தி, தன் நல்ல பக்கத்தை மட்டும் அனுப்ப நேரம் இருக்கிறது. படிப்பவர், தெரியாத இடங்களையெல்லாம் தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்கிறார். குரல், தயக்கம், கை நடுக்கம் எதுவும் குறுக்கே வருவதில்லை. அதனால் நேரில் பழகுவதைவிட அதிக நெருக்கம்கூட எழுத்தில் உண்டாகிவிடும். 11 வாரத்தில் நீங்கள் மனதுக்குள் ஒருவரைக் கட்டி எழுப்பியிருக்கிறீர்கள். அவரும் அப்படியே. சந்தித்த அன்று இரண்டு அந்நியர்கள் உட்கார்ந்து, தாங்கள் நேசித்தவர் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள். அந்த மௌனத்தில் எனக்குக் கேட்பது பிடிக்காமை இல்லை, பயம்தான். அவர் தரையைப் பார்த்தார் என்கிறீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றிய துயரத்தைத் தாங்கிக்கொண்ட ஒருவர், அதைச் சொன்ன உங்களைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டிருக்கலாம்.

அதனால் இனி நாள் கணக்கு வேண்டும். பேசத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் கால் மணி நேர வீடியோ கால். எதிரே இருப்பவர் படத்தில் உள்ளவர்தானா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், குரலும் பழகிவிடும். இரண்டு வாரத்துக்குள் நேரில், பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரே ஒரு மணி நேரம். நடந்துகொண்டே பேசுவது நல்லது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, மௌனமும் உறுத்தாது. அந்த வசதி உங்கள் கரையிலேயே இருக்கிறது. நீங்களே போய் நீங்களே திரும்பி வாருங்கள், எங்கே யாரோடு என்று ஒரு தோழிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வீடியோ காலுக்கும் சந்திப்புக்கும் மாதக்கணக்கில் காரணம் சொல்பவர், முகம் காட்டாமலே பண உதவி கேட்பவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

‘பொருத்தம் இவ்வளவு சதவீதம்’ என்று ஆப் காட்டுவதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். சமந்தா ஜோயல் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதைக் கணினியிடம் கொடுத்து, முதல் சந்திப்பில் குறிப்பாக யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. உட்கார்ந்து பேசிப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

ஓய்வறை விஷயத்தை எழுதும்போது உங்கள் கை கூசியிருக்கும் என்று புரிகிறது. துணை தேடுவது ஒளிக்க வேண்டிய காரியம் இல்லை. அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் எடுத்துச் சுற்றவிட்டதுதான் தவறு, அதைச் செய்தவர் நீங்கள் இல்லை. அவரைத் தனியாகப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ‘என் படத்தை எடுத்துக் காட்டினீர்கள் என்று தெரியும். அழித்துவிடுங்கள், இனிமேல் செய்யாதீர்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கேட்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நிற்காவிட்டால் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள்.

கூடவே சில சின்ன மாற்றங்கள். பல ஆப்களில் உங்கள் போனில் உள்ள எண்களைக் கொடுத்து, அவர்கள் உங்களைப் பார்க்காதபடி தடுக்கலாம். சீருடைப் படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், வேலை செய்யும் இடத்தின் பெயரும் வேண்டாம். இந்த அளவுள்ள நகரத்தில் ‘33 வயது பிசியோதெரபிஸ்ட்’ என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ‘மருத்துவத் துறை’ போதும். தூரம் காட்டுவதை அணைக்க முடிந்தால் அணையுங்கள். மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்த துல்லியமான தூரம் இருந்தால் ஒருவர் இருக்கும் இடத்தையே கணக்கிட முடியும். பிரபலமான ஒரு ஆப்பில் இந்த ஓட்டை இருந்ததை 2014-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள், பிறகு அது சரிசெய்யப்பட்டது. ஒளிவதற்காக இதைச் சொல்லவில்லை. யாருக்கு எப்போது எதைச் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பெருநகரத்தில் பதில் போடாமல் விட்டுவிட்டால் அந்த மனிதர் கூட்டத்தில் கரைந்துபோவார். அங்கேயும் அது நல்ல பழக்கம் இல்லை. உங்கள் நகரத்தில் அவர் கரைய மாட்டார். அடுத்த வாரம் எதிரே ஓடி வருவார், ஒருநாள் உங்களிடமே சிகிச்சைக்கு வந்து நிற்பார். அதனால் ‘இல்லை’ என்பதைச் சொல்லப் பழகுங்கள். ‘உங்களோடு பேசியது நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு அந்த மாதிரி உணர்வு வரவில்லை. எங்கேயாவது பார்த்தால் வணக்கம் சொல்வேன்’ என்றால் போதும். மூன்றே வாக்கியம். கேட்பவருக்கு வலிக்கும்தான், ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். சின்ன நகரத்தில் இப்படி நடந்துகொள்பவரைப் பற்றி நல்ல பேச்சும் பரவும். அப்படி ‘இல்லை’ கேட்டவர்கள் மூலமாகவே வேறொருவர் அறிமுகமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆப்பை அழிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். மூன்று வாரம் மூடி வையுங்கள். ப்ரொஃபைலை மறைத்து வைக்கும் வசதி பெரும்பாலான ஆப்களில் உண்டு. அதற்குள் படங்களை மாற்றுங்கள், உங்களைப் பற்றிய வரிகளைத் திருத்துங்கள். ‘பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்’ என்று எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு, பதில் போடத் தோன்றும்படி ஒன்று எழுதுங்கள். கடலோரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் நீச்சல் தெரியாது என்றால் அதையே எழுதலாம். தேடுவது நிலையான துணை என்பதை முதல் வரியிலேயே வையுங்கள். பாதிப் பேர் தள்ளிவிட்டுப் போவார்கள் என்று பயப்படாதீர்கள். அவர்கள் எப்படியும் போகிறவர்கள்.

அந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய வேறு ஒன்று இருக்கிறது. 11 வாரம் பேசிய அவருக்கு எழுதுங்கள். சமாதானத்துக்காகவோ மறுபடி தொடங்குவதற்காகவோ இல்லை. உங்கள் அப்பாவைப் பற்றி இந்த நகரத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரோடு முகம் திருப்பிக்கொண்ட நிலையில் இந்தப் பேச்சு முடிய வேண்டாம். ‘அன்று எனக்கும் பேச வரவில்லை. கடற்கரையில் முகத்தைத் திருப்பியதற்கு வருத்தப்படுகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்ட விஷயங்களுக்கு நன்றி.’ இவ்வளவு போதும். இன்னொரு தடவை நடந்துகொண்டே பேசலாமா என்று உங்களுக்கு உண்மையாகவே கேட்கத் தோன்றினால் கேளுங்கள். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டும் நேர்மைதான்.

அவர் பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். எழுதி அனுப்பிய மறுநாள் காலையில், வழக்கமாகப் போகும் நேரத்துக்கு, செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். அவர் எதிரே வந்தால் தலையசையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்